சுழி பார்த்து வாங்கிய கிட்டார்

ஊத்துப்பட்டி விருமாண்டியை மாட்டு விஷயத்தில் எவனும் ஏமாற்ற முடியாது. இதை ஊரில் வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார். உசிலம்பட்டிச் சந்தையிலும் திருமங்கலம் சந்தையிலும் அவர் துண்டைப் போட்டு, துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை முடித்தால் அதற்கு மறுபேச்சு கிடையாது. பல்லைப் பிடித்துப் பார்ப்பார். வாலைத் தூக்கிப் பார்ப்பார். நாலடி நடக்கவிட்டுப் பின்னங்கால் ஊன்றுகிற விதத்தைப் பார்ப்பார். கடைசியாக உடம்பில் மயிர்ச் சுழி பார்ப்பார். சுழி சரியில்லை என்றால் காமதேனுவை இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிற ஆள். எல்லாம் சரிதான். இவ்வளவு தெரிந்த மனுஷன் மகளுக்குக் கிட்டார் வாங்கத் தனியாகப் போனார் பாருங்கள், அங்கேதான் பிடித்தது சனியன்.

அவர் மதுரையிலிருந்து திரும்பி வந்த அன்று கத்திரி வெயில் மண்டையைப் பிளந்தது. செல்லத்தாய் இருட்டோடு எழுந்துபோய் மல்லிகை மொட்டுப் பறித்து, மார்க்கெட் வண்டிக்குப் பூவைக் கொடுத்தனுப்பி, ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டு, அப்போதுதான் கம்மங்கூழைக் கரைத்துச் சட்டியை மடியில் வைத்திருந்தாள். தொட்டுக்கொள்ள வெங்காயம் நசுக்கி வைத்திருந்தாள். வாசலில் விருமாண்டியின் செருப்புச் சத்தம் கேட்டது. கூடவே தெருவில் பாதி ஆட்களின் சத்தமும் கேட்டது.

"எடுத்தாந்துட்டேன் தாயி," என்று மகளைப் பார்த்துச் சொன்னார். சணல் சாக்கில் பொதிந்த கிட்டாரைக் கன்றுக்குட்டியைத் தூக்கி வருவதுபோல் இரண்டு கையாலும் ஏந்தியிருந்தார்.

மகள் முத்துத்தாய் மதுரையில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற விடுதியில் தங்கி டீச்சர் டிரெய்னிங் முடித்தவள். அங்கே ஒரு மலையாளத்து சிஸ்டர் இவளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுத்திருந்தாள். படிப்பு முடிந்ததும் கோரிப்பாளையம் பக்கம் ஒரு சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை வந்தது. ஆனால் பள்ளிக்கூடத்து அம்மாள் ஒரு நிபந்தனை போட்டுவிட்டாள். வாத்தியம் சொந்த வாத்தியமாக இருக்கவேண்டும், பள்ளி திறக்கிற அன்றைக்குக் கையில் இருக்கவேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆள் காத்திருக்கிறாள்.

வீட்டில் இன்னொரு நிபந்தனை. விருமாண்டியின் அக்கா ஒச்சாயி தன் மகன் முத்திருளனுக்குப் பெண் கேட்டு நடையாய் நடந்துகொண்டிருந்தாள். அத்தை மகன் இருக்கும்போது பெண்ணுக்கு வேலை எதற்கு என்பது அவள் கட்சி. தம்பிக்காரர் அக்காள் பேச்சைத் தட்டமாட்டார், மகள் பேச்சையும் ஒரேயடியாகத் தட்டமாட்டார். அதனால் நடுவில் ஒரு தீர்ப்புச் சொன்னார். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் கிட்டார் அமைந்தால் வேலை, அமையாவிட்டால் ஆவணியில் கல்யாணம். கிட்டாருக்குக் காசு செல்லத்தாய் கொடுத்தாள். அவள் வளர்த்த கிடாய் இரண்டையும் விற்ற காசு அது.

காசைக் கொடுத்தபோதே அவள் சொன்னாள். "வாசிக்கிறவ அவ. அவளையுங் கூட்டிட்டுப் போங்கய்யா."

"பொட்டப்புள்ளையக் கூட்டிக்கிட்டு ஏவாரம் பேசப் போறதா? எவன் மதிப்பான்? இதுக்கு இம்புட்டு ஆசைன்னு தெரிஞ்சாலே வெலைய ஏத்திருவான்."

"அவ பாத்தா நல்லது கெட்டது தெரியும்ல."

"எனக்குத் தெரியாதா? உசுருள்ள சாமானையே பாத்து வாங்குறவன் நானு. இது மரக்கட்டை."

முத்துத்தாய் கழுத்தைப் பார்க்கவேண்டும், அதைப் பார்க்கவேண்டும் இதைப் பார்க்கவேண்டும் என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஈயை விரட்டுவதுபோல் கையை ஆட்டிவிட்டு அவர் பஸ் ஏறிவிட்டார்.

இப்போது அவள் சாக்கைப் பிரித்தாள். கிட்டார் பளபளவென்று இருந்தது. புது வார்னிஷ் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. ஓரமெல்லாம் வெள்ளைப் பட்டை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் "அடேயப்பா" என்றார்கள். முத்துத்தாயின் முகம் மட்டும் மலரவில்லை.

"கம்பி எங்கப்பா?"

"என்னது?"

"இதுல கம்பி இருக்கணும்ப்பா. ஒண்ணையுங் காணோம்."

விருமாண்டி கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "படிச்ச புள்ள கேக்குற கேள்வியப் பாத்தீகளா? கயிறோட எவன்தான் மாட்டக் குடுப்பான்? அவன் முறை தெரிஞ்ச ஆளு. கழட்டி வச்சுக்கிட்டான். நம்மதான் புதுக்கயிறு போட்டுக் கட்டணும்."

கூட்டத்தில் நாலு தலை ஆமாம் என்று ஆடியது. மாட்டை விற்கிறவன் கயிற்றை விற்கமாட்டான். கயிறு போனால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடும் என்று அவிழ்த்து வைத்துக்கொள்வான், வாங்குகிறவன் புதுக்கயிறு கொண்டுபோய்ப் பிடித்து வருவான். வழிவழியாக வந்த முறை, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மாட்டுக்கு அது சரி.

"அப்ப வாசிச்சே பாக்கலையா?" என்றாள் முத்துத்தாய்.

"வாசிச்சுப் பாக்க எனக்குத் தெரியுமா? தட்டிப் பாத்தேன். தூக்கிப் பாத்தேன். மொழு மொழுன்னு இருக்கு. ஒரு சுழி கெடையாது, ஒரு தழும்பு கெடையாது."

செல்லத்தாய்க்குக் கிட்டாரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் மகள் முகம் தெரியும். கூழ்ச் சட்டியை அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

மறுநாள் பூ வண்டியோடு தாயும் மகளும் மதுரைக்குப் போய்க் கம்பி வாங்கி வந்தார்கள். சாயங்காலம் மாட்டுக் கொட்டத்து நிழலில் உட்கார்ந்து முத்துத்தாய் ஒவ்வொரு கம்பியாக மாட்டி முறுக்கினாள். புழுக்கம் தாங்கவில்லை. மேற்கே கருமேகம் கூடியும் காற்று இல்லை. விருமாண்டி கயிற்றுக் கட்டிலில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, தன் மாடு முதல் உழவு உழுவதைப் பார்க்கிறவர்போல் உட்கார்ந்திருந்தார்.

அவள் மீட்டினாள். தலைப்பக்கத்தில் விரல் வைத்து வாசித்தபோது ஏதோ சுமாராகத்தான் இருந்தது. விரல் கீழே இறங்க இறங்கச் சத்தம் புளித்தது. ஒரு கம்பி ஒன்று சொன்னால் பக்கத்துக் கம்பி வேறொன்று சொன்னது. கிட்டாரின் வயிற்றுப் பக்கம் கம்பிக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு விரலே நுழைகிற இடைவெளி. அவள் பலம் கொண்டமட்டும் அழுத்தினாள். விரல் நுனியில் ரத்தம் கட்டியதுதான் மிச்சம். வேலிக்கு அந்தப் பக்கம் எருமைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த ராமக்காள், "என்னடி முத்து, பூனைக்குட்டிய மிதிச்சுட்டியா?" என்று கேட்டாள்.

முத்துத்தாய் கிட்டாரைக் கொண்டுபோய்த் தகப்பனார் முன்னால் நீட்டினாள். "அப்பா, ஏர்க்கால் வாங்குனா எப்பிடிக் கண்ணோட்டம் பாப்பீங்க? அதே மாதிரி இந்தத் தலையிலருந்து பாருங்க."

விருமாண்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஆயிரம் ஏர்க்காலைப் பார்த்த கண். கழுத்து நடுவில் குழிந்து, ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு போயிருந்தது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தது. முகம் ஒரு கணம் செத்துவிட்டது. செல்லத்தாய் அதைப் பார்த்துவிட்டாள்.

அடுத்த கணமே அவர் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்தார். "ஒண்ணும் பெருசா இல்ல. பழகப் பழகச் சரியாயிரும். புது மாடு நாலு நாளைக்கு மொரண்டு பண்ணத்தான் செய்யும்."

"மரக்கட்டை எங்கிட்டுய்யா பழகும்?" என்றாள் செல்லத்தாய்.

"நீ சும்மா இரு. ஒனக்கு என்ன தெரியும்?"

முத்துத்தாய் கழுத்து உடம்போடு சேர்கிற இடத்தில் நகத்தால் சுரண்டினாள். வார்னிஷ் உரிந்தது. உள்ளே மரத்தூளும் பசையும் குழைத்த மக்கு வைத்துப் பூசியிருந்தது. மக்கு உதிர்ந்ததும் ஒரு விரிசல் வாயைத் திறந்தது. ஒருமுறை உடைந்து ஒட்டிய கழுத்து. அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட செல்லத்தாய்க்கு வயிறு அவ்வளவு எரிந்திருக்காது. பிள்ளை சத்தமில்லாமல் கம்பியைத் தளர்த்திவிட்டுக் கிட்டாரைச் சாக்கில் பொதிந்து வைத்தாள்.

இந்த மாதிரிச் சேதிக்குக் கால் முளைத்துவிடும். பொழுது சாய்வதற்குள் ஒச்சாயி தூக்குவாளியில் பணியாரத்தோடு வந்துவிட்டாள்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல தம்பி. சாமி குத்தம் இல்லாம நல்ல கட்டை கோணுமா? அது ஒரு சகுனம். போக வேணாங்குது. ஆவணியில நல்ல நாள் ரெண்டு இருக்கு. எம் மகன் என்ன கொறைச்சலா?"

"ஒங்க மகன் கொறைச்சல்னு யாரும் சொல்லல மதினி," என்றாள் செல்லத்தாய். "கோணிக்கெடக்குறது கட்டை. அதுக்கு எம் மக ஏன் கழுத்த நீட்டணும்?"

"இதென்ன பேச்சு? நல்லதுக்குச் சொன்னா..."

"நல்லதுக்குச் சொல்றவக மொதல்ல அந்தப் பணியாரத்துல உப்பு இருக்கான்னு பாத்துக் கொண்டாங்க."

ஒச்சாயி வாளியை வைத்த வேகத்திலேயே எடுத்துக்கொண்டு போனாள். விருமாண்டிக்குக் கோபம் வந்தது. அக்காளை அவமதித்த கோபமா, தான் ஏமாந்த கோபமா என்று அவருக்கே தெரிந்திருக்காது. செல்லத்தாய் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

"வெள்ளனா எந்திரிச்சு நானும் எம் மகளும் சிம்மக்கல்லுக்குப் போறோம். குடுத்தவன்கிட்டயே இதக் குடுத்துட்டு வாரோம்."

"போகக் கூடாது. கை பிடிச்சு முடிச்ச ஏவாரம். வாங்குன சாமானத் திருப்புனா நாளைக்குச் சந்தையில எனக்கு மொகம் இருக்குமா? நாந்தான் ஊருக்கெல்லாம் சொல்றேன், கை பிடிச்சது பிடிச்சதுதான்னு."

"ஒம்ம மொகத்துக்காக எம் மக தலையில கெடாய்க்கு ஊத்துற மாதிரி மஞ்சத் தண்ணிய ஊத்தச் சொல்றீரா? எங் கெடாய் ரெண்டும் போச்சு. மூணாவதா இவளையுமா?"

காலையில் தாயும் மகளும் பஸ் ஏறியபோது விருமாண்டியும் பின்வாசல் வழியாக ஏறி, கடைசி சீட்டில் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார். பொம்பிளைகளைத் தனியே விட்டான் என்ற பேர் வரக்கூடாது அல்லவா?

கிட்டார் விற்றவன் மெல்லிசைக் குழு நடத்துகிறவன். சிம்மக்கல்லில் வெங்காய மண்டிக்கு மேல்மாடியில் அறை எடுத்திருந்தான். வாசலில் 'பி.ஆனந்த் இன்னிசைக் கச்சேரி' என்று போர்டு தொங்கியது. சொந்த ஊர் செக்கானூரணிக்குத் தெற்கே, சொந்தப் பேர் பேயாண்டி. போர்டை மாற்றினால் தன் ஊர்க்குணம் வெளியே தெரியாது என்று நினைத்தான்போல. ஆனால் ஊர்க்காரனை எந்த இடத்தில் அடிக்கலாம் என்பதை மட்டும் மறக்காமல் வைத்திருந்தான்.

மண்டி வாசலில் லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. வெங்காயச் சருகு காற்றில் பறந்தது. பேயாண்டி பூப்போட்ட சட்டையும் அகலக்கால் பேண்ட்டுமாகப் படியிறங்கி வந்தான். சாக்குப் பொதியைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"வாங்கண்ணே. என்ன, குடும்பத்தோட?"

விருமாண்டி மூட்டை இறக்குகிறவர்களை எண்ணுகிறவர்போல் லாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தம்பி, இந்தக் கட்டை கோணலா இருக்கு. எடுத்துக்கிட்டுக் காசக் குடு," என்றாள் செல்லத்தாய்.

"கோணலா? என்னக்கா இது, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையாவுல்ல இருக்கு. பாப்பா இப்பத்தான் பழகுதோ?"

"கூடந்தாண்டா கோணல்!"

மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். பேயாண்டிக்கு அது உறுத்தியது. குரலைத் தாழ்த்திக்கொண்டு விருமாண்டியிடம் போனான். "அண்ணே, பொம்பளையாளுக அங்கிட்டு நெழல்ல ஒக்காரட்டும். நாம ரெண்டு பேரும் டீ சாப்பிட்டுக்கிட்டே பைய பேசுவோம். ஆம்பளைக பேசி முடிச்ச ஏவாரம், நமக்குள்ள என்ன?"

விருமாண்டியின் கால் ஓரடி எடுத்து வைத்துவிட்டது. செல்லத்தாய்க்குக் கண்ணெல்லாம் சிவந்தது.

"எங்கிட்டுப் போறீரு?"

கால் நின்றது.

"இங்க பேசு தம்பி," என்றாள் செல்லத்தாய். "கம்பியக் கழட்டி ஒளிச்சு வச்சுக்கிட்டு வித்தியே, எதுக்கு? கம்பி இருந்தா வண்டவாளம் தெரிஞ்சு போகும்னுதான? கயிறு குடுக்குறதில்லன்னு முறைய வேற சொல்லியிருக்கே. நம்ம ஊரு முறைய வச்சே நம்ம ஆள ஏமாத்துறியே, நீ வெளங்குவியா?"

பேயாண்டி விருமாண்டி பக்கம் திரும்பினான். "யாரு சொன்னா? நானா சொன்னேன்? அண்ணே, நீங்களே சொல்லுங்க. கம்பி மாட்டி வாசிச்சுக் காட்டவான்னு நான் கேட்டனா இல்லையா? 'வேணாம்ப்பா, கயிறு ஒங்கிட்டயே இருக்கட்டும், முறைன்னு ஒண்ணு இருக்குல்ல'ன்னு சொன்னது யாரு?"

செல்லத்தாய் புருஷனைப் பார்த்தாள். அவர் தரையில் கிடந்த வெங்காயச் சருகைப் பார்த்தார்.

"இன்னொண்ணுஞ் சொல்றேங்க்கா. நான் மொதல்ல எடுத்துக் குடுத்தது இந்தக் கிட்டாரே இல்ல. மேல ஒரு பழசு கெடக்கு. அதத்தான் காட்டுனேன். மரத்துல என்னமோ வளையம் இருக்காம், பாடைச் சுழியாம், வீட்டுக்கு ஆகாதாம். தூக்கி வச்சுட்டு இதக் கேட்டாரு. நான் என்ன செய்ய?"

முத்துத்தாய் அதுவரை வாயே திறக்கவில்லை. இப்போது முன்னால் வந்தாள். "அதக் கொண்டாங்கண்ணே, பாப்போம்."

"அது மேடைக்கு வச்சிருக்கேன் பாப்பா."

"நேத்தைக்கு முந்தி எங்கப்பாகிட்ட விக்கத்தான காட்டுனீங்க? எடுத்தாங்க."

மண்டிக்காரர் கல்லாவிலிருந்து, "எடுத்துக் காட்டுப்பா, கடை வாசல்ல கூட்டம் போடாத," என்று சத்தம் போட்டார். பேயாண்டி முனகிக்கொண்டே மேலே போய் எடுத்து வந்தான்.

பார்க்க ஒன்றுமில்லாத சாமான். வார்னிஷ் போய் நிறம் மங்கிக் கிடந்தது. விரல் பட்ட இடமெல்லாம் வெளுத்திருந்தது. வயிற்றில், ஓட்டைக்குக் கீழே, மரத்தின் ரேகை வட்டம் வட்டமாகச் சுழித்திருந்தது. கிளை விட்ட இடமாக இருக்கும். இதைப் பார்த்துத்தான் விருமாண்டி நடுங்கியிருக்கிறார்.

முத்துத்தாய் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்தாள். முதலில் தலைப்பக்கத்திலிருந்து ஒரு கண்ணால் கழுத்தைப் பார்த்தாள். உடம்பை விரல் கணுவால் அங்கங்கே தட்டிக் காதை வைத்துக் கேட்டாள், உள்ளே ஏதாவது விட்டுப்போய் உதறுகிறதா என்று. ஒவ்வொரு முறுக்காணியையும் திருகிப் பிடித்து நிற்கிறதா என்று பார்த்தாள். பிறகு ஒரு கம்பியைச் சும்மா மீட்டிவிட்டு, அதே கம்பியைச் சரிபாதியில் அழுத்தி மீட்டினாள். தாயும் பிள்ளையும் பேசுகிறதுபோல் இரண்டும் ஒன்றாகவே கேட்டன. ஒவ்வொரு கம்பிக்கும் அப்படிச் செய்தாள். ஒன்றில் மட்டும் ஒரு கட்டத்தில் கரகரத்தது. "இந்த இடத்துல தேஞ்சிருக்கு. பரவாயில்ல," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அப்புறம் மாதா கோயில் பாட்டு ஒன்றை வாசித்தாள்.

செல்லத்தாய் மகள் ஒரு பாட்டை முழுசாக வாசித்து அன்றுதான் கேட்டாள். இத்தனை நாள் இந்தப் பிள்ளைக்கு இது தெரியும் என்று வாயால் சொன்னதோடு சரி. மூட்டை இறக்குகிறவர் ஒருவர் சும்மாட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். செல்லத்தாய்க்குப் பெருமையோடு கோபமும் சேர்ந்து வந்தது. இந்தக் கைகளை வீட்டில் உட்கார வைத்துவிட்டு, மாட்டுவாலைத் தூக்கிப் பார்க்கிற கையை அனுப்பினோமே!

"இது போதும். அத எடுத்துக்கிட்டு இதக் குடுங்க," என்றாள் முத்துத்தாய்.

"அது சரிவராது பாப்பா. இது வேற வெல."

"எங்கப்பாகிட்ட இதுக்கு என்ன வெல சொன்னீங்க?"

"அது எனக்கு நெனப்பில்ல."

முத்துத்தாய் தகப்பனார் பக்கம் திரும்பினாள். "அப்பா, இதுக்கு என்ன வெல சொன்னாரு?"

விருமாண்டி தொண்டையைச் செருமினார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"ஒங்களத்தானப்பா கேக்குறேன்."

"அதவிட... நூறு ரூவா கம்மி," என்றார் விருமாண்டி. லாரிக்காரருக்குக்கூடக் கேட்டிருக்காது அந்தச் சத்தம். பக்கத்திலிருந்த செல்லத்தாய்க்குக் கேட்டது.

"பாத்தியாடா!" என்று அவள் பேயாண்டிமேல் பாய்ந்தாள். "நூறு ரூவா கம்மியான நல்ல சாமானக் காட்டுனவன், நூறு ரூவா கூடுதலா ஒடஞ்ச சாமானக் குடுத்திருக்கே. அந்தாளு சுழின்னாரு, முறைன்னாரு, புத்தி அம்புட்டுத்தான். ஒனக்குத் தெரியும்ல? மக்கு வச்சுப் பூசுனது நீதானடா? இது கழுத்து ஒடஞ்சதுண்ணே, வேணாம்ணேன்னு சொல்ல வாய் வரலையா? கேக்கலைன்னா சொல்லமாட்டியா? கெணறு இருக்குன்னு தெரியாம ஒருத்தன் நடந்து போனா, கேக்கலைல்லன்னு பாத்துக்கிட்டு நிப்பியா? மரியாதையா இதையும் குடு, நூறு ரூவாயையும் எண்ணி வையி."

பேயாண்டி கெஞ்சினான், மிரட்டினான், கடைசியில் காசு கையில் இல்லை, டிரம் வாங்கிவிட்டேன் என்று சத்தியம் பண்ணினான். செல்லத்தாய் மண்டி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். வருகிறவன் போகிறவன் எல்லாம் என்ன ஏது என்று கேட்டான், அவள் ஒவ்வொருவனுக்கும் முதலிலிருந்து சொன்னாள். மண்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் கிட்டார் கை மாறியது. அதோடு தோலுறை ஒன்றும் ஒரு செட் புதுக்கம்பியும் வந்தது. நூறு ரூபாய் வரவில்லை, வரவும் வராது. அவன் மாடிப்படி ஏறும்போது, "அண்ணே, இனிமே ஏவாரத்துக்குப் பாப்பாவ மட்டும் அனுப்புங்க," என்று சொல்லிவிட்டுப் போனான். திமிர்தான். ஆனால் அன்றைக்கு அவன் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான்.

காளவாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது விருமாண்டி மெதுவாகக் கையை நீட்டினார். "குடு தாயி, நான் வச்சிருக்கேன். ஒனக்குக் கை வலிக்கும்." முத்துத்தாய் கொடுத்தாள். அவர் மூவருக்கும் பருத்திப்பால் வாங்கினார். செல்லத்தாய் வாங்கிக் குடித்தாள். அந்த நூறு ரூபாயும் இந்த மனுஷன் வாய் திறக்காமல் நின்ற நிலையும் அவளுக்குள் கொதித்துக்கொண்டே இருந்தன. இருந்தாலும் பிள்ளைக்கு வழி பிறந்துவிட்டதே என்று மனசை ஆற்றிக்கொண்டாள்.

ஊர் வந்து இறங்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. செல்லத்தாய் கட்டிப்போட்ட ஆட்டை நினைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள். பின்னால் வந்த மகள், "அம்மா, அப்பாவக் காணோம்," என்றாள். திரும்பிப் பார்த்தால் அவர் கருப்பு நடத்துகிற டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் கிட்டார். சுற்றிலும் ஆட்கள்.

இருவரும் ரோட்டோரம் நின்றார்கள். அங்கிருந்தே எல்லாம் கேட்டது.

"மொதல்ல கழுத்தப் பாக்கணும்யா," என்று சொல்லிக்கொண்டிருந்தார் விருமாண்டி. "பளபளன்னு இருந்தா மயங்கிறக் கூடாது. தலையில இருந்து ஒரு கண்ணால பாக்கணும். அப்பறம் தட்டிப் பாக்கணும், உள்ள ஒதறுதான்னு. பெறகு கம்பியப் பாதியில அழுத்திக் கேட்டா, தாயும் பிள்ளையும் பேசுற மாதிரி இருக்கணும். ஒதுக்கித் தள்ளுன சாமான்தான் இது. நாந்தான் பாத்து எடுத்தேன்."

"ஒங்க கண்ணுக்குத் தப்புமாண்ணே?" என்றான் ஒருவன்.

"அப்ப முத்திருளன் கல்யாணம்?" என்றான் இன்னொருவன்.

"அதுக்கு இப்ப என்ன அவசரம்? புள்ள வேலைக்குப் போகட்டும். நாந்தான் இம்புட்டுச் செரமப்பட்டு வாங்கிக் குடுத்திருக்கேன்ல? அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

முத்துத்தாய் அம்மாவின் முந்தானையைப் பிடித்தாள். "விடும்மா. வேலைக்குப் போகச் சொல்லிட்டாருல்ல. ஊரறியச் சொல்லிட்டாரு. அது போதும். என்னமோ சொல்லிட்டுப் போறாரு."

அது புத்திசாலித்தனமான பேச்சுதான். செல்லத்தாயும் கல்யாணமான நாளிலிருந்து அந்தப் புத்திசாலித்தனத்தோடுதான் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறாள். அவள் பறித்த பூ அவர் காட்டுப் பூ, அவள் வளர்த்த கிடாய் அவர் வீட்டுக் கிடாய். சரி, அதெல்லாம் போகட்டும். இன்றைக்கு இந்தப் பிள்ளை வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து காதால் கண்டுபிடித்ததையும் எடுத்துக்கொண்டு போய் டீக்கடையில் விற்றுக்கொண்டிருக்கிறாரே, இதை எப்படி விடுவது?

முந்தானையை உருவிக்கொண்டு அவள் டீக்கடைக்குள் நுழைந்தாள். ஊத்துப்பட்டியில் பொம்பிளைகள் டீ வாங்குவார்கள், தூக்குவாளியை வெளியே நின்று நீட்டி. உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவள் இதுவரை கிடையாது. பெஞ்சின் கோடியில் இருந்தவர் தானாக எழுந்துகொண்டார்.

செல்லத்தாய் புருஷன் மடியிலிருந்து கிட்டாரை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவர் கை கொஞ்சம் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டது.

"இதப் பாத்தது எம் மக," என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள். "தட்டுனது எம் மக. வெல பேசுனதும் எம் மக. இந்த மனுசன் அந்நேரம் வெங்காயச் சருகு எண்ணிக்கிட்டு நின்னாரு. நம்பாட்டி நாளைக்குச் சிம்மக்கல்லு மண்டியில போயிக் கேட்டுக்கங்க."

விருமாண்டி துண்டை எடுத்துத் தோளில் போட்டார், மறுபடி எடுத்தார்.

"ஏண்டி அங்கயே நிக்கிற? வா, வந்து ஒக்காரு," என்று ரோட்டோரம் நின்ற மகளைக் கூப்பிட்டாள். முத்துத்தாய் தயங்கித் தயங்கி வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு டீ போடு கருப்பு. ஒண்ணுல சீனி தூக்கலா. காசு, பாத்து வாங்கத் தெரிஞ்ச மனுசன் குடுப்பாரு."

கருப்பு விருமாண்டியை ஒருதரம் பார்த்தான். பிறகு இரண்டு கிளாஸை எடுத்துக் கழுவினான்.